கூலியில்லாக் கைங்கரியம்

கூலியில்லாத வேலை நிலைக்காது என்று லௌகிகர் கூறுவர். 1998-ம் வருஷம் பொங்கல் திருநாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் அக்கூற்றைப் பொய்ப்பித்துவிட்டது. ஸ்விட்ஜர்லாந்தில் வசித்த டாக்டர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் தலைமையில், பல தேசங்களில் சிதறிக் கிடந்த தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றினர். ஒருவர் தட்டெழுதினார், மற்றொருவர் பிழை திருத்தினார். சம்பளம் ஒரு காசுமில்லை. அந்நூல்களை இன்று எவரும் விலையின்றிப் பெறலாம், பிறர்க்கும் வழங்கலாம்.

1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் வளர்ந்ததும் இவ்வழியினாலேயே. அவர் தம் வித்தையின் மூலத்தை மறைக்காது வெளியிட்டார். கண்டவர்கள் குறை களைந்து பெருக்கினர்.

இதில் பள்ளத்தூருக்கு என்ன வேலை எனலாம். அண்டையிலுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனியொருவராய்த் திரட்டிய நூல்களன்றோ, 1994-ல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகத்திற்கு முதலாயின! ஒருவர் செய்ததை ஊரார் கூடிச் செய்யலாகாதா? ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்த நூலை அச்சேற்ற எவர் அனுமதியும் வேண்டுவதில்லை. வாலிபர்களே, பெட்டகத்தைத் திறவுங்கள். வாரம் பத்துப் பக்கம் ஏற்றுங்கள். செல்லரித்த ஏட்டை எந்தச் செல்வமும் மீட்டுத் தராது.