முகவலியும் நரம்புத்தடை ஊசியும்: ஒரு விளக்கக் குறிப்பு

எல்லா வலிக்கும் புறச்சான்று இருப்பதில்லை. காயமோ வீக்கமோ இன்றி, முகத்தின் ஒரு பக்கத்தில் மின்னதிர்ச்சி போலப் பாய்ந்து, சில கணங்களில் ஓய்ந்து, மீண்டும் தாக்கும் முக்கிளை நரம்புவலி இதற்குத் தக்க உதாரணமாகும். முகங்கழுவுதல், மெல்லுதல், பேசுதல் முதலிய அன்றாடச் செயல்களே அதனைத் தூண்டுகின்றன. பல்வலியெனக் கருதப்பட்டு நல்ல பற்களை இழந்தோர் பலர். மனப்பிரமையெனத் தட்டிக்கழிக்கப்பட்டோரும் உளர். எனவே இவ்வலியின் பொருளடிப்படையை நாம் முதலில் விளங்கிக்கொள்ளுதல் வேண்டும்.

ஐந்தாம் மண்டையோட்டு நரம்பு நெற்றி, மேற்றாடை, கீழ்த்தாடை ஆகியவற்றுக்குரிய மூன்று கிளைகளாகப் பிரிந்து முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுசெல்கின்றது. பெரும்பாலான நோயாளரில், மூளைத்தண்டருகே குருதிக்குழாயொன்று அந்நரம்பின் வேரை அழுத்துவதால் அதன் உறை சிதைகின்றது; மெல்லிய தொடுகையும் பெருவலியாகின்றது. லிக்னோகேன் போன்ற விறைப்பு மருந்தை உரிய கிளையருகே செலுத்தும்போது, சோடியம் அயன்கள் நரம்பினுள் புகும் வழி அடைபடுவதால் கணத்தாக்கம் கடத்தப்படுவதில்லை. வலி சில மணிநேரம் அடங்குவதோடு, அது எக்கிளையைச் சார்ந்ததென்பதை அறியவும் இது துணைபுரிகின்றது. அற்ககோல் ஊசியோ நரம்பிழைகளையே அழிப்பது. தணிவு மாதக்கணக்கில் நீடிக்கலாமாயினும், முகவிறைப்பு எஞ்சும்.

இம்முறையின் வரலாறும் மனங்கொள்ளத்தக்கது. 1884இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் கொக்கேயினைக் கண் சிகிச்சையிற் பயன்படுத்தினார். அதையடுத்து நியூயோர்க்கில் வில்லியம் ஹால்ஸ்ற்றெட் முதலியோர் அதனை நரம்பருகே ஊசிமூலம் செலுத்தினர். தம்முடலிலேயே பரிசோதித்த ஹால்ஸ்ற்றெட் அதற்கு அடிமையுமானார். வரலாற்று நூல்கள் பெரிதும் இப்பெயர்களிலிருந்தே தொடங்குகின்றன. ஆயின் கொக்கேயினின் மூலமான கொக்கா இலையை அந்தீஸ் மலைவாழ் மக்கள் நீண்டகாலமாக அறிந்திருந்தனர். ஸ்பானிய ஆட்சியில், பொத்தோசி வெள்ளிச் சுரங்கங்களிற் கட்டாய உழைப்புக்குள்ளான பூர்வீகக் குடிகள் பசியையும் களைப்பையும் தாங்க மென்றதும் அவ்விலையே. 1943இல் சுவீடனில் நில்ஸ் லொவ்கிறென் தொகுத்த லிக்னோகேன் பின்னர் உலகெங்கும் பரவியது.

இன்று இந்நோய்க்குக் கார்பமசெப்பீன் மாத்திரையே முதலில் வழங்கப்படுகின்றது. அது பயன்தராதோருக்கும், அதன் பக்கவிளைவுகளைத் தாங்கவியலாதோருக்கும் ஊசி துணையாகின்றது. அது நோயின் காரணத்தை நீக்குவதில்லை. எனினும் உண்ணவும் உரையாடவும் இயலாதிருந்தவருக்கு அவற்றை மீட்டளிக்கும் இடைவேளையைச் சிறிதென்று கொள்ளவியலாது. லிக்னோகேன் மலிவானதே. ஆயினும் அதனை உரிய இடத்திற் செலுத்தும் பயிற்சி பெற்ற மருத்துவரும், நோயாளியின் சொல்லை நம்பிக் கேட்கும் நேரமும் எல்லா வர்க்கத்தினருக்கும் ஒரே அளவிற் கிட்டுவதில்லை. இவ்வலியின் காரணம் நரம்பிலிருப்பினும், அதன் தணிவு சமூக அமைப்பையும் சார்ந்துள்ளதென்பதே நாம் இங்கு வலியுறுத்த விரும்புவது.