முழங்காலளவு நீர்

மேட்டுப்பாளையத்தைக் கடந்து உதகைக்குச் செல்லும் சாலையில், நீலகிரி மலைத்தொடர் பெரும் பச்சை மதிலைப்போலக் கண்ணெதிரே எழத் தொடங்குகிற இடத்தில், பிளாக் தண்டர் என்னும் நீர் விளையாட்டுப் பூங்கா இருக்கிறது. கோவை ஜில்லாவில் வளரும் குழந்தைகளுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே போதும், கண்கள் விரிந்துவிடும். இந்தக் கோடையில் ஏழு வயதுப் பேத்தியையும் நான்கு வயதுப் பேரனையும் அங்கே அழைத்துச் சென்றிருந்தபோது, உயர்ந்து நின்ற சறுக்குகளை நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, பேரனோ அவற்றில் ஒன்றையும் ஏறெடுத்துப் பாராமல், தரையிலிருந்து பீச்சியடித்த ஒரு சிறு நீர்த்தாரையைக் குதிகாலால் அடைப்பதும், அது பாதத்தின் பக்கவாட்டில் சீறி வெளிப்படும்போது கூவிச் சிரிப்பதுமாக முக்கால் மணி நேரத்தைக் கழித்துவிட்டான். கொடுத்த கட்டணத்துக்கு எல்லா விளையாட்டுகளையும் ஆடித் தீர்த்துவிட வேண்டும் என்ற ஆசை பெரியவர்களுடையதே அன்றிக் குழந்தைகளுடையது அன்று என்பதை அந்த முக்கால் மணி நேரத்தில் நான் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

ஜலக்கிரீடை நமக்குப் புதிதன்று. வையையில் புதுப்புனல் பெருகி வந்தபோது மதுரை மாந்தர் திரண்டு சென்று நீராடிய குதூகலத்தைப் பரிபாடல் விரிவாகப் பாடுகிறது. ஆடிப் பதினெட்டில் காவிரிக் கரைக்குச் செல்வதும், சாரல் காலத்தில் குற்றாலத்து அருவியின்கீழ்த் தலையைக் கொடுத்து நிற்பதும் இன்றும் நம் வழக்கத்தில் உள்ளன. ஆனால் கிணற்றில் குதித்து நீச்சல் பழகிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள், குழாய்நீரைத் தவிர வேறு நீரை அறியாமலே வளர்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பூங்காக்களே ஆறும் அருவியும் கடலுமாக இருக்கின்றன. அமெரிக்காவில் ஆர்லாண்டோ நகரத்தில் 1977ஆம் ஆண்டு ஜார்ஜ் மில்லே என்பவர் தொடங்கிய பூங்காவை இவ்வகைக்கெல்லாம் முன்னோடியாகச் சொல்வார்கள். இன்று சென்னையின் சுற்றுப்புறத்திலும், மதுரைக்கு அருகே பரவையிலும், இன்னும் பல ஊர்களிலும் அதன் வழித்தோன்றல்களைக் காண்கிறோம்.

சறுக்கின் ரகசியம் எளிமையானது. வழவழப்பான கண்ணாடியிழைப் பரப்பின்மேல் மெல்லிய நீர்ப்படலம் ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பதால், உடலுக்கும் சறுக்குக்கும் இடையிலான உராய்வு பெரிதும் குறைந்து, உயரத்தில் இருந்த ஆற்றல் கீழே வர வர வேகமாக மாறுகிறது. அந்த வேகத்தோடு போய் விழும் குளத்தில் பெரியவருக்குக் கால் எட்டும்; சிறு குழந்தைக்கு எட்டாது. சறுக்கின் அடியில் உயரம் அளக்கும் கோலை நட்டு வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கோலுக்கு இரண்டு விரற்கடை குறைந்துவிட்ட பிள்ளை அழும்போது, ஊழியரிடம் மன்றாடி எப்படியாவது ஏற்றிவிடப் பார்க்கும் பெற்றோரைக் கண்டிருக்கிறேன். அந்தக் கோல் அவர்கள் குழந்தையின் பக்கம் நின்று பேசுகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அலைக்குளம் இன்னும் விசேஷமானது. பெரும்பாலும் ஆழமான முனையில் சுவருக்குப் பின்னே அறைகளை அமைத்து, அவற்றுக்குள் பெரிய விசிறிகளால் காற்றைச் செலுத்தி நீரை அழுத்துவதும் விடுவதுமாகத் தாளகதியில் மாற்றி மாற்றிச் செய்கிறார்கள். அவ்வாறு எழும் அலை, கடற்கரையைப்போலச் சரிவாகக் கட்டிய தரைமேல் ஏறி வந்து, ஆழம் குறையுமிடத்தில் உடைந்து நுரைக்கிறது. அலை திரும்பும்போது காலடியைச் சற்றே இழுக்கும். கூட்டமும் நுரையும் சிறு தலைகளை மறைத்துவிடும். ஆகையால் பேரனை நான் கணுக்காலளவு நீருக்கு அப்பால் விடவில்லை. அவனும் அலையின் கடைசி நுனியைத் துரத்துவதிலேயே பரம திருப்தி அடைந்தான்.

இவ்வளவு கண்டிப்பு எனக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. பேத்திக்கு மூன்று வயதாக இருந்தபோது, வேறோர் ஊரில், குழந்தைகளுக்கென்றே கட்டிய ஒரு குளத்தில், என் முழங்காலளவே இருந்த நீரில் அவள் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். நான் இரண்டடி தள்ளி, மகனோடு பேசிக்கொண்டு நின்றேன். அலறல் இல்லை, கை வீசல் இல்லை, நீர் தெறிக்கும் ஓசைகூட இல்லை. பேச்சின் நடுவே தற்செயலாகத் திரும்பியபோது, நீருக்கடியில் திறந்த கண்களோடு அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாரி எடுத்தேன், இருமினாள், அழுதாள், பிழைத்தாள். அந்தப் பார்வையை நான் மறந்ததில்லை.

மூழ்குகிறவர் கூக்குரலிடுவார், கைகளை ஆட்டிக் காட்டுவார் என்று நம்மில் பலர் நம்புகிறோம். உண்மையில், வாய் நீருக்குக் கீழும் மேலுமாக ஊசலாடும்போது மூச்சு வாங்கவே அவகாசம் இல்லாதவருக்குக் குரல் எழுவதில்லை. போராடும் நேரமும் மிகக் குறைவு; ஒரு நிமிஷத்துக்குள், குழந்தையாயின் அதனினும் விரைவாக, எல்லாம் முடிந்துவிடக்கூடும். கரையில் உயிர்காவலர் நிற்கிறார் என்பது ஆறுதலே. ஆயினும் நூறு தலைகளைக் கவனிக்கும் அவருடைய கண், நம் வீட்டுத் தலை ஒன்றை மட்டும் கவனிக்கும் நம் கண்ணுக்கு ஈடாகாது. சிறு குழந்தை நீரில் இருக்கும்வரை, பெரியவர் ஒருவர் தாமும் நீரில் இறங்கி, கை எட்டும் தூரத்தில், கைபேசியைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு நிற்க வேண்டும். "நீங்க பாத்துக்குவீங்கன்னு நெனச்சேன்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள நேராதபடி, யார் எப்போது காவல் என்பதை முன்னதாகவே பேசி முறை வைத்துக்கொள்வது உத்தமம். காற்றடைத்த ரப்பர் வளையங்கள் விளையாட்டுச் சாமான்களே. கவிழவும் நழுவவும் கூடியவை. உடலோடு சரியாகப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட்டைத்தான் நம்பலாம். உடை வாங்கும்போது நீலத்தை விலக்கி, பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். நீல உடை நீல நிறக் குளத்தில் கரைந்தாற்போல் கண்ணுக்கு மறைந்துவிடும்.

இனி நீரின் சுத்தத்தைப் பற்றி. குளத்து நீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறையாத குளோரினும், 7க்கும் 7.8க்கும் இடைப்பட்ட பிஎச் அளவும் இருந்தால் பெரும்பாலான கிருமிகள் விரைவில் மடியும். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் குளோரின் அதிகம் போட்டிருக்கிறார்கள் என்கிறோம். உண்மையில் வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் கூடிப் பிறக்கும் குளோரமைன்களே அந்த நெடிக்கும் கண் சிவப்புக்கும் முக்கியக் காரணம். இறங்குமுன் ஒரு நிமிஷம் குளித்துவிட்டு வரச் சொல்வதன் பொருள் இதுதான். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியோ தக்க அளவு குளோரின் உள்ள நீரிலும் ஏழு நாட்களுக்கு மேல் உயிரோடிருக்கும். ஆதலால் வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையை, எவ்வளவு அழுதாலும், அழைத்துச் செல்லலாகாது. மணிக்கொரு தரம் கரையேற்றிக் கழிப்பறைக்கு அழைத்துப் போவதும், குளத்து நீரை விழுங்காதிருக்கப் பழக்குவதும் பிறருக்கும் நாம் செய்யும் உதவி.

பருத்தி உடையை அனுமதிக்காததைக் கெடுபிடி என்று சிலர் கருதுகிறார்கள். நனைந்த பருத்தி கனத்து உடலைக் கீழே இழுக்கும். அதன் நூலிழைகள் வடிகட்டிகளில் போய் அடைத்துக்கொள்ளும். நைலான் அவ்வளவு நீரை ஏற்பதில்லை. ஆனால் எந்த உடை அணிந்தாலும், குழந்தையின் சரீரத்தில் எடைக்கு ஒப்பிடத் தோற்பரப்பு மிகுதியாதலால், உச்சி வெயிலிலும் அது விரைவில் குளிர்ந்துவிடும். உதடு நீலம் பூத்து, தாடை நடுங்கத் தொடங்கியதும், "போதும் கண்ணு, மேல வா" என்று தூக்கித் துவட்டி, உலர்ந்த துண்டில் சுற்றி, வாய்க்கு ஏதேனும் கொடுப்பதே முறை. "இன்னும் ஒரே ஒரு தடவை தாத்தா!" என்ற கெஞ்சல் எழத்தான் செய்யும்; அரைமணி கழித்து மீண்டும் இறக்கிவிடலாம்.

அன்றிரவு வீடு திரும்பியதும், பேரன் குளியலறை வாளியில் நீரை நிரப்பச் சொல்லி, ஒரு பிளாஸ்டிக் மூடியைப் படகாக மிதக்கவிட்டு, அலையெழுப்பி விளையாடினான். நான் முக்காலியை இழுத்துப் போட்டு அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். தூக்கம் கண்ணைச் சுழற்ற அவன் எழுந்து போனபின், வாளி நீரை ஊற்றிவிட்டுக் கவிழ்த்து வைத்தேன்.