டீசல் எஞ்சினைக் காக்கும் எரிபொருள் வடிகட்டி

நம் நாடு தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. அதிலிருந்து பெறப்படும் பொருள்களுள் மிகுதியாகச் செலவாவது டீசலே. ஆகவே, டீசல் வீணாகாமல் காக்கும் ஒவ்வொரு பராமரிப்புப் பணியும் நாட்டுக்குப் பயனளிப்பதாகும். டீசல் கார்களில் எரிபொருள் வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுவது அத்தகைய பணிகளுள் ஒன்று.

வடிகட்டியின் பணி

பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினிலோ, அழுத்தத்தால் சூடேறிய காற்றினுள் டீசல் நுண்துளிகளாகப் பீய்ச்சப்பட்டுத் தானே பற்றிக்கொள்கிறது. பீய்ச்சும் கருவியான இன்ஜெக்டரின் உள்ளுறுப்புகளுக்கு இடையே சில மைக்ரான் இடைவெளியே உண்டு. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 'காமன் ரெயில்' எஞ்சின்களில் டீசலின் அழுத்தம் 1,600 பாரைத் தாண்டுவதும் உண்டு. இந்நிலையில் கண்ணுக்குப் புலனாகாத தூசியும் உலோகத்தை அரித்துவிடும். நீர் கலந்தால் துருப்பிடிக்கும். இவ்விரண்டையும் தடுத்து நிறுத்துவது வடிகட்டியே.

2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் வழங்கப்படும் பி.எஸ். 6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேற்படுவதில்லை. ஆயினும் கந்தகம் குறைந்ததனாலேயே தூசியும் நீரும் இல்லாமற் போய்விடா. அவை தொட்டியிலும் சேரக்கூடும்.

மாற்றும் முறை

வடிகட்டி அடைபட்டால் ஏற்றங்களில் வண்டியின் இழுவை குன்றும். எஞ்சின் கிளம்பத் தாமதமாகும். இவ்வறிகுறிகள் தோன்றும்வரை காத்திராமல், உற்பத்தியாளரின் கையேடு கூறும் கால அளவிலேயே மாற்றிவிட வேண்டும்.

எஞ்சினை நிறுத்தி ஆறவிட்ட பிறகே பணியைத் தொடங்க வேண்டும். உயர் அழுத்தக் குழாய்களைத் தொடலாகாது. அவற்றிலிருந்து சீறும் டீசல் தோலையே துளைக்கவல்லது. வடிகட்டியைச் சுற்றியுள்ள தூசியை முதலில் துடைத்து, அடியில் பாத்திரம் வைத்து, பழையதைக் கழற்ற வேண்டும். புதியதைப் பொருத்துகையில் ரப்பர் வளையத்தையும் மாற்ற வேண்டும். குழாய்களை அம்புக்குறி காட்டும் திசைப்படி இணைக்க வேண்டும். வடிகட்டப்படாத டீசலைப் புதிய வடிகட்டியின் வெளியேறும் வழியில் ஊற்றினால், அழுக்கு நேரே இன்ஜெக்டரைச் சென்றடையும்.

இறுதியாக, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவது இன்றியமையாதது. காற்று இருப்பின் டீசலில் போதிய அழுத்தம் ஏறாது, எஞ்சினும் கிளம்பாது. பழைய வகை வண்டிகளில் கைப்பம்பை அழுத்திக் காற்றை நீக்கலாம். தொட்டிக்குள் மின்பம்பு உள்ள வண்டிகளில், எஞ்சினைக் கிளப்பாமல் சாவியைச் சிலமுறை திருப்பி நிறுத்தினால் பம்பே டீசலை நிரப்பும். பின்னர்க் கசிவு உண்டா எனப் பார்த்தல் வேண்டும்.

பழைய வடிகட்டியையும் வடித்த டீசலையும் சாக்கடையில் எறியாமல் உரியவர்களிடம் ஒப்படைப்பது கடமையாகும்.

புதிய வடிகட்டிக்கு ஆகும் செலவு சிறிது. பழுதான இன்ஜெக்டர்களை மாற்றுவதற்கோ அதனினும் பன்மடங்கு ஆகும். அலுவலக வாகனங்களுக்குப் பொறுப்பானவர்கள், வடிகட்டி மாற்றிய நாளையும் ஓடிய கிலோமீட்டரையும் பதிவேட்டில் குறித்து வந்தால், இப்பெருஞ்செலவைத் தவிர்க்கலாம்.