பஞ்சமும் சந்தையும்: 1974இல் மலையகம்

பஞ்சம் என்றதும் வறண்ட வயலும் வெற்றுக் களஞ்சியமுமே நம் நினைவுக்கு வருகின்றன. களுபோவிலையில் ஒரு கடையில் அரிசி மூடைகள் கூரைவரை அடுக்கப்பட்டிருக்க, அதே ஒழுங்கையில் ஒரு வீட்டில் உலை ஏறாதிருத்தல் கூடும் என்பதை நாம் எளிதில் ஒப்புவதில்லை. அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட 'வறுமையும் பஞ்சங்களும்' என்னும் நூல் இதனையே ஆராய்கின்றது. 1943இன் வங்கத்தில் 1941ஐவிடக் குறைந்த உணவு இருக்கவில்லை. எனினும் ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் மாண்டனர் என்பது அவரது கணிப்பு. போர்க்காலச் செலவினால் அரிசி விலை ஏறியது. கிராமத்துக் கூலியாளின் கூலி அதனோடு ஏறவில்லை.

இதனை நமது நாட்டின் 1974ஆம் ஆண்டோடு பொருத்தி நோக்குவோம். உலகச் சந்தையில் அரிசியும் கோதுமை மாவும் சீனியும் விலையேறின. அந்நியச் செலாவணி முட்டுப்பட்டது. அரசு பங்கீட்டைக் குறைத்தது. தனியார் அரிசியை இடம்விட்டு இடம் கொண்டுசெல்வதும் கட்டுப்படுத்தப்பட்டது. வயலுடையோர் தம் நெல்லை உண்டனர். தோட்டத் தொழிலாளருக்கோ வயல் இல்லை. நாட்கூலியும் கூப்பனுமே அவர்தம் கைப்பொருள். ரொட்டிக்குரிய மாவு அருகியது; வேலைநாட்களும் குறைந்தன. அவ்வாண்டில் நாடு முழுவதற்குமான இறப்பு வீதம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 9. தோட்டங்களில் அது இருமடங்கு அளவினது.

பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, 1953 ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 1974இல் மலையகத்தார்க்கு அத்தகைய வலு இல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் அவர்களுட் பெரும்பாலோர் வாக்கற்றவராயிருந்தனர்.

யாழ்ப்பாணத் தமிழர் விரும்பிப் பேசாத ஒன்றும் உண்டு. மிளகாய், வெங்காய இறக்குமதிக் கட்டுப்பாடு அதே ஆண்டுகளில் குடாநாட்டுக் கமக்காரர்க்கு நல்ல விலையைத் தந்தது. மொழி ஒன்றாயினும் சந்தையில் அவரவர் நின்ற இடம் வேறு.

கட்டுப்பாடே பஞ்சத்துக்குக் காரணம் என்பாரும், வணிகரே காரணம் என்பாரும் உளர். அரிசிப் போக்குவரத்துத் தடை, வாங்கியுண்போரை வருத்தியது உண்மையே. ஆயின் தடையை நீக்குவதால் மட்டும் கையில் காசு வந்துவிடாது. 1979இல் பங்கீட்டுக்குப் பதிலாக வந்த உணவு முத்திரை ரூபாவில் நிலைநிறுத்தப்பட்டமையால், விலை ஏற ஏற அதன் பெறுமதி தேய்ந்தது.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலை ஓராண்டில் 94.9 சதவீதம் உயர்ந்திருந்தது. தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி அப்போதும் 2021இல் நிர்ணயிக்கப்பட்ட 1000 ரூபாவாகவே நின்றது.