நெடுநடையும் பெண்ணாடையும்

நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் வீதம் பல நாள் நடக்கும் ஒரு பெண், அடிக்கு 70 சென்டிமீட்டர் என்று கொண்டால், தினமும் ஏறத்தாழ 35,000 அடிகள் எடுத்து வைக்கிறார். ஒவ்வோர் அடிக்கும் உள்தொடைகள் ஒன்றோடொன்றோ இடையிலுள்ள துணியோடோ உரசுகின்றன. உலர்ந்த தோலைக் காட்டிலும் ஈரத் தோலில் உராய்வு கணிசமாகக் கூடும் என்பதாலும், வியர்வை காய்ந்தபின் தங்கும் உப்புப் படிகங்கள் தோலைப் பொடிமணல்போல் அறுப்பதாலும், காலையில் வெறும் சிவப்பாகத் தெரியும் இடம் மாலைக்குள் புண்ணாகிவிடுகிறது. நெடுநடைக்கான ஆடையைப் பற்றிய ஆராய்ச்சி தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

துணி நீரை எப்படிக் கையாள்கிறது என்பது முதல் கேள்வி. காற்றிலுள்ள ஈரத்தை இழை தன்னுள் ஏற்கும் அளவை, அதன் உலர் எடையின் விழுக்காடாகச் சொல்வது வழக்கம்: இயல்பான அறைச் சூழலில் பருத்திக்கு இது சுமார் 8, கம்பளிக்குச் சுமார் 16, பாலியஸ்டருக்கு 0.4 மட்டுமே. பாலியஸ்டர் நீரை உள்ளே விடாது. இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளின் வழியாக, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, வியர்வையை வெளிப்பரப்புக்குக் கடத்திவிடுகிறது. பருத்தியோ நீரைக் குடித்து, கனத்து, நெடுநேரம் ஈரமாகவே இருக்கும். ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்கு ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பம் தேவைப்படுவதால், குளிர்மலையில் ஈரப் பருத்தி உடலின் சூட்டை உறிஞ்சி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனால் வறண்ட சமவெளி வெயிலில் அதே குணம் உடலைக் குளிர்விக்கிறது. ஆகவே பருத்தியே கூடாது என்னும் மலையேற்ற விதியைத் தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து பழநிக்கு நடப்பவரிடம் அப்படியே சொல்வது பொருந்தாது. மேலே தளர்ந்த பருத்தியும், தொடையை ஒட்டி முழங்காலுக்குச் சற்று மேலே முடியும் நைலான்–ஸ்பான்டெக்ஸ் உள்கால்சட்டையும் அங்கே நல்ல இணை. விடியற்பனியில் நனைந்து கெண்டைக்காலில் ஒட்டிக்கொள்ளும் சேலைக்கரைக்குத் தீர்வு, அதைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டுவதுதான்.

துணியைவிட முக்கியமானது வெட்டு, அதைத்தான் ஆடைத் தொழில் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. ஆணுக்கு வரைந்த படிவத்தைச் சுருக்கி, வண்ணத்தை மாற்றிப் பெண்ணாடை என்று விற்றபோது, இடுப்பெலும்பின் அகலமும் இடைக்கும் இடுப்புக்கும் உள்ள வேறுபாடும் கணக்கில் வரவில்லை. இடுப்புக்குப் பொருந்தும் கால்சட்டை இடையில் தொளதொளத்தது, இடைக்குப் பொருந்துவது தொடையைப் பிடித்தது. முதுகுப்பையின் சுமையில் பெரும்பகுதியை இடுப்புப் பட்டை வழியாக இடுப்பெலும்பே தாங்குவதால், பட்டைக்கு அடியில் சிக்கும் நாடா முடிச்சு, பித்தான், தடித்த தையல் எல்லாம் மணிக்கணக்கில் ஒரே புள்ளியில் அழுந்துகின்றன; சுடிதார் நாடாவை முன்பக்கம் முடியாமல் தட்டையான எலாஸ்டிக் வைத்துத் தைத்தாலே பாதி வேதனை தீரும். நான்கு தையல்கள் கூடும் கவட்டில் சாய்சதுரத் துண்டு ஒன்றை இணைத்துத் தைத்தால், தையல்கள் உரசும் இடத்தைவிட்டு விலகுவதோடு, உயரமான பாறைமேல் கால் வைக்கும்போது துணி கிழியாமலும் இருக்கும்.

பொருத்தமான உடைக்காகப் பெண்கள் மலையோடு மட்டுமன்றி ஊர்வாயோடும் போராட வேண்டியிருந்தது. 1895இல் அமெரிக்க மலையேறி ஆனி ஸ்மித் பெக் ஆல்ப்ஸ் மலையின் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் ஏறியபோது, ஏறியதைவிட அவர் கால்சட்டை அணிந்ததே பெரிதாகப் பேசப்பட்டது. 1955இல், 67ஆம் வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையில் ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 3,200 கிலோமீட்டருக்கும் மேல் தனியே நடந்து முடித்த எம்மா கேட்வுட், சாதாரணக் கேன்வாஸ் காலணியும் தாமே தைத்த டெனிம் துணிப்பையுமாகவே அதைச் சாதித்தார். அவருடைய மனவுறுதி போற்றத்தக்கது. அதற்காக, இன்று நடக்கும் பெண்களும் கிடைத்ததைக் கொண்டு சமாளிக்கட்டும் என்று விட்டுவிடுவது நியாயமாகாது.

முழங்கால்வரை நீண்டு பக்கவாட்டில் பிளந்த குர்தா, நெடுநடை ஆடை என்ற வகையில், பலரும் நினைப்பதைவிட நுட்பமான ஆடை: காற்று புகுகிறது, கால் தாராளமாக எட்டுகிறது, கழிப்பறையில்லாத வழியில் குந்தும்போது மறைப்பும் கிடைக்கிறது. அதன் குறை, பக்கப் பைகள் இடுப்புப் பட்டைக்கு அடியில் அகப்பட்டுக் கைக்கு எட்டாமற்போவதுதான். எனவே தையற்காரரிடம் கொடுக்கும்போதே முதுகுப்பையை மாட்டி, பட்டையை இறுக்கி, ஒரு முறை குந்தி எழுந்து பார்த்து, பக்கப் பைகளைத் தொடையின் நடுப்பகுதிக்கு இறக்கி வைக்கச் சொல்வது நல்லது.