மான்யம் கேட்கும் மனு: தோட்ட மக்கள் அறிய வேண்டியவை

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கிற்கும் கம்போங் ராஜாவிற்கும் இடையே சாலையோரமாக அமைந்த சிற்றூர் திரிங்காப். காய்கறித் தோட்டங்களும் அவற்றிற்கப்பால் தேயிலை மலைகளும் சூழ்ந்த அவ்வட்டாரத்தில், ஒரு லயத்துப் பெற்றோர்கள் தம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்த விரும்புவதாகக் கொள்வோம். எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேறாதவருக்குச் சான்றிதழ் இல்லை என்பது நாம் அறிந்ததே. பட்டணத்துப் பிள்ளை டியூஷனுக்கு நடந்தே சென்றுவிடும். மலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு வேன் வேண்டும். ஆசிரியருக்கு ஊதியம் வேண்டும். இப்பணத்தை யாரிடம், எவ்வாறு கேட்பது என்பதையே இங்கு விளக்க எடுத்துக்கொண்டோம். ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டும் நம் வாசகர்களுக்கும் வழி இதுவேயாகும். செடி வேறு, மரம் வேறு, மனு ஒன்றே.

முதலாவதாக, கேட்பவர் யார் என்பது தெளிவாதல் வேண்டும். லயத்துக் குழு என்ற பெயருக்கு எந்த அமைப்பும் காசோலை எழுதித் தராது. 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்படி 7 பேரோ அதற்கு மேற்பட்டவரோ கூடிச் சங்கம் அமைத்துப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு பெற்ற சங்கம் ஆண்டுக்கூட்டம் முடிந்த 60 நாட்களுக்குள் கணக்கறிக்கையை அனுப்பிவிட வேண்டும். இதனைத் தவறவிட்டுப் பதிவையே இழந்த சங்கங்கள் பல. புதிய சங்கம் தொடங்குவது கடினமெனில், முறையாகக் கணக்கு வைத்துள்ள ஆலய நிர்வாகக் குழுவோ, பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ நமக்காக மனுச் செய்ய இசையுமா என்று கேட்டுப் பார்ப்பது நலம்.

அடுத்தது மனு. மலாய் மொழியில் இதனைக் ‘கெர்தாஸ் கெர்ஜா’ என்பர். நம்மவர்கள் பலர் இதனைக் கருணை மனுவாக எழுதிவிடுகின்றனர். “ஏழைத் தொழிலாளர்களாகிய எங்கள்மீது இரக்கங்கொண்டு” என்று தொடங்கி, பெருந்தலைவர்களைப் போற்றி, ‘ஆவன செய்க’ என்று முடிப்பார்கள். அதைப் படிக்கும் அதிகாரி நம் தோட்டத்தைக் கண்டவரல்லர். எத்தனை பிள்ளைகள், எந்தப் படிவம், சென்ற ஆண்டு எத்தனை பேர் மலாய் மொழியில் தேறினர், வகுப்பு நடந்தால் அந்த எண்ணிக்கை எவ்வளவு உயரும் என எதிர்பார்க்கிறோம் என்பனவே அவருக்குத் தேவை. ‘பல மாணவர்கள்’ என்று எழுதுவதைக் காட்டிலும் ‘30 மாணவர்கள்’ என்று எழுதி, பெயர்ப்பட்டியலை இணைப்பது பன்மடங்கு மேலானது. இவ்வெண்களை ஊகித்து எழுதலாகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவர் வீடு வீடாகச் சென்று எழுதிவந்தால் போதும்.

செலவுக் கணக்கே மனுவின் உயிர்நிலை. எடுத்துக்காட்டாக, இரண்டு ஆசிரியர்கள், வாரம் இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம், 36 வாரங்கள் எனில் மொத்தம் 288 மணி நேரம். மணிக்கு 40 வெள்ளி வீதம் 11,520 வெள்ளி. வேன் 72 நாட்களுக்கு, நாளுக்கு 60 வெள்ளி வீதம் 4,320 வெள்ளி. பயிற்சி நூல்கள் ஒரு மாணவருக்கு 50 வெள்ளி வீதம் 1,500 வெள்ளி. ஆக 17,340 வெள்ளி. இத்தொகையைச் சுமார் 20,000 வெள்ளி என்று எழுதிவிடுவோர் உளர்; எஞ்சிய 2,660 வெள்ளி எதற்கு என்ற வினா உடனே எழும். ஒவ்வொரு தொகைக்கும் ஆதாரமாக வேன்காரரிடமும் புத்தகக் கடையிலும் விலைக்குறிப்பு எழுதி வாங்கிச் சேர்த்திடல் வேண்டும்.

அக்கணக்கில் நம் பங்கும் இடம்பெற வேண்டும். பெற்றோர்கள் பிள்ளைக்கு மாதம் 5 வெள்ளி வீதம் 9 மாதங்கள் செலுத்தினால் 1,350 வெள்ளி ஆகிறது. ஆகவே கேட்கும் தொகை 15,990 வெள்ளி. தொகை சிறிதாயினும், கொடுப்பவர் முதலில் நோக்குவது இதனையே. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வேலை இழந்த காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகச் சேர்த்த பணத்தின் பலனாகவே அடுத்த ஆண்டில் கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. நம் முன்னோர் செய்ததை நோக்க, மாதம் 5 வெள்ளி பெரிதன்று.

தோட்டப்புறத்திற்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. அது நிலம். லயம், ஆலயம், ஆயாக்கொட்டகை, மண்டபம் ஆகியவை பெரும்பாலும் கம்பெனி நிலத்தில் நிற்கின்றன. நாட்டின் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல, பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நீடிப்பதற்கு அவை நிற்கும் நிலம் அரசாங்கத்துக்குரியதன்று என்பதே முக்கியக் காரணம். பிறர் நிலத்தில் கட்டடம் எழுப்ப எந்த நிதியமும் எளிதில் முன்வராது. எனவே கட்டடம் கேட்பதாயின், தோட்ட நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ இசைவு முதலில் கைக்கு வரவேண்டும். வாய்மொழி போதாது, மானேஜர் மாறினால் அதுவும் மாறிவிடும். வகுப்பு, வேன், நூல் போன்றவற்றிற்கு நிலம் தடையன்று. முதன்முறையாக மனு எழுதுவோர் இவற்றிலிருந்து தொடங்குவதே உசிதம் என்பது நம் கருத்து. மண்டபத்தைப் பயன்படுத்த மட்டும் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளலாம்.

இனி, யாரிடம் கேட்பது? நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களின் தொகுதி ஒதுக்கீடு அருகிலிருப்பது. சிறு தொகைக்கு ஏற்றது. மித்ரா எனப்படும் மலேசிய இந்தியர் உருமாற்றுப் பிரிவு, முன்னர் செடிக் என்ற பெயரில் இயங்கியது. 2019ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு 10 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது. கசானா நேஷனல் நிறுவனத்தின் ஹசானா அறவாரியம் கல்வி, சமூக மேம்பாடு, சுற்றுச்சூழல் முதலியவற்றிற்கு உதவுகிறது. ஆறு, மண், காடு குறித்த பணியாயின் ஐக்கிய நாடுகள் மேம்பாட்டுத் திட்டத்தின் வாயிலாக 1992 முதல் நடைபெற்றுவரும் சிறு மான்யத் திட்டமும் உண்டு. மண்சரிவும் ஆற்றில் வண்டல் படிவதும் பெருங்கவலையாக உள்ள கேமரன் மலைக்கு அது பொருந்தும். ஆயினும் மாலை வகுப்பு மனுவை அங்கு அனுப்புவது வீண் தபால் செலவு. ஒவ்வோர் அமைப்பும் எதற்குக் கொடுக்கிறது, எம்மாதம் மனுக்களைப் பெறுகிறது என்று முதலில் தொலைபேசியில் கேட்டறிய வேண்டும். தனியார் கம்பெனிகள் வருமான வரி விலக்கு ரசீது கேட்கக்கூடும். நம் சங்கத்திற்கு அந்த அங்கீகாரம் இல்லையெனில் அதனை முன்கூட்டியே சொல்லிவிடுதல் நன்று.

மித்ரா மான்யங்கள் செலவிடப்பட்ட விதம் குறித்து 2021இல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை மேற்கொண்டது. மான்யம் பெறுவோர் ஒவ்வொரு வெள்ளிக்கும் கணக்குக் காட்டவேண்டியவர்களே. ஆகவே மான்யம் கிடைத்ததும் சங்கத்தின் பெயரில் தனிக் கணக்குத் திறந்து, இருவர் கையொப்பமின்றிப் பணம் எடுக்க இயலாதவாறு செய்தல் வேண்டும். மாணவர் வருகைப் பதிவேடு, ஆசிரியர் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டு, வேன்காரரின் ரசீது ஆகியவற்றை வாரந்தோறும் ஒரே கோப்பில் சேர்த்துவருக. இறுதி அறிக்கையுடன் எஞ்சிய தொகை இருப்பின் அதனையும் திருப்பி அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைக்கவும். அடுத்த ஆண்டு மனுவுடன் இணைக்க அதன் நகல் உதவும்.