பேஸ் கேட்கலையா? வால்யூமை விடுங்க, பெட்டியை நகர்த்துங்க!

மரக்காணம் உப்பளத்தை ஒட்டின ஊர்ல திருவிழாக் கச்சேரின்னு வைங்க. சின்ன மேடை. டிரம்ஸ், கீபோர்டு, பாடகர்கள்னு ஒரே நெரிசல். உங்க பேஸ் கிட்டார் கடைசி வரிசை வரைக்கும் கேட்குது. உங்களுக்கு மட்டும் கேட்கலை. ஏன்?

பேஸ் கிட்டார்ல தடிமனான தந்தியோட ஒலி சுமார் 41 ஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளமே 8 மீட்டருக்கு மேல. அது எல்லாப் பக்கமும் பரவிடும். ஆனா, என்ன ஸ்வரம்னு காதுக்குத் தெளிவாச் சொல்றது அதுக்கு மேல இருக்கிற மிட் ஒலிகள்தான். அவை பெரும்பாலும் ஸ்பீக்கர் பார்க்கிற திசையிலதான் போகும். பெட்டி தரையில இருந்தா, உங்க முழங்காலுக்குத்தான் கச்சேரி!

* பெட்டியை ஆடாத ஸ்டூல் மேல ஏத்துங்க. இல்லைன்னா முன்பக்க அடியில கட்டை கொடுத்து, ஸ்பீக்கர் உங்க காதைப் பார்க்கிற மாதிரி சாய்ச்சு வைங்க.
* ஒட்டி நிற்காம, ரெண்டடி முன்னாடி தள்ளி நில்லுங்க.
* மண்டபம்னா மூலையைத் தவிருங்க. சுவர்கள் அடி ஒலியை ஊதிப் பெருக்கி, ஸ்வரத்தைக் குழப்பிடும்.
* திறந்தவெளி மேடையில பின்னாடி வெறும் துணித்திரைதான்; அடி ஒலி மெலிஞ்ச மாதிரி தெரியும். பேஸ் குமிழைத் திருகாம, மிட்டைக் கொஞ்சம் கூட்டுங்க.
* பலகை மேடை அதிருதா? பெட்டிக்கு அடியில தடிமனான ஃபோம் போடுங்க.

இவ்வளவும் செஞ்சு பார்த்த பிறகு வால்யூமைத் தொடுங்க. பாடறவங்க காதும் தப்பிக்கும்!